ஸஹாப்தீனின் காலில் தளிர்த்தது

புண்ணில் வாடை இல்லை. துணிக்கட்டை அவிழ்த்த கைறுன்னிஸாவுக்கு முதலில் பட்டது அதுதான். மூன்று மாதமாக, மூலையில் காய்ந்த கிராம்பின் மணத்தைக்கூட அமுக்கிக்கொண்டு வீடு முழுக்கக் கிடந்த சீழ் வாடை, அன்று காலையில் போன இடம் தெரியவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. கிளர்ச்சிக்கால ஊரடங்கால் நாவுலயிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் அவள் கணவர் ஸஹாப்தீனின் காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயது போனால் இரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் உயிர்க்கலங்கள் பெருகாதாம். உடம்புக்குள் எரிந்துகொண்டிருக்கும் நச்சை அணைக்கிற சக்தியும் வற்றிவிடுமாம். புதுக் குழாய் தளிர்க்காத இடத்தில் புண் எப்படி ஆறும் என்று அவளையே திருப்பிக் கேட்டார். எழுபத்திரண்டு வயதில், ஒற்றைக் காலோடு இந்த மனிதர். நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. அழத்தான் தெம்பில்லை.

கையுறை போடாமல் தொடக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். அதை மட்டும் அவள் கேட்கவில்லை. றப்பருக்கு மேலால் ஓதினால் எப்படிப் போய்ச் சேரும்? வெறும் உள்ளங்கையைப் புண்ணில் வைத்து, ஏழு முறை ஓதி ஊதுவாள். முடியும் வரை கையை எடுக்கக் கூடாது.

இப்போது புண்ணின் அடியில் சிவப்பு. மயிரிழை போன்ற குழாய்கள், ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்து. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நீண்டது.

"வளருதுங்க," என்றாள். "கால் தப்பிருச்சி."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "ரெண்டு நாளா உள்ளுக்கு என்னமோ தேடுது புள்ள. கை வைக்காத."

சந்தோஷத்தில் அதுவும் அவள் காதில் ஏறவில்லை. கையை வைத்தாள்.

முதல் முறை ஓதும்போது, கூரைத் தகரம் வெயிலில் நெளியும் சத்தமும் ஆளில்லாத ரோட்டில் காற்று சருகைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தமும் அவளுக்குக் கேட்டன. இரண்டாம் முறை, அவற்றை மூடிக்கொண்டு ஒரு துடிப்புக் கேட்டது. மூன்றாவதில் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போலிருந்தது. நான்காவதில் மணிக்கட்டைத் தாண்டியது. நிறுத்தலாமா? கூடாது. ஐந்து. நகங்கள் வெளிறின. ஆறு. நாக்கு வறண்டது. ஏழு.

ஊதினாள். கையை இழுத்தாள். வரவில்லை.

ஸஹாப்தீன் மெல்லத் திரும்பினார். கன்னம் சிவந்திருந்தது. நரைத்த தாடியின் அடியில் கறுப்பு முளைத்திருந்தது. அவர் காலும் அவள் மணிக்கட்டும் ஒரே துடிப்பாக அடித்தன. முழங்கை வரை அவளுடைய தோல் சாம்பலாகிச் சுருங்க, அதற்கடியில் சிவப்பு இழைகள் தோளை நோக்கிக் கிளைத்துக்கொண்டே போயின.