படகில் மூன்று அப்பா

லோகநாயகி மிஸ் இந்த வருடம்தான் கடலூருக்கு, எங்கள் பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாக வந்தார். பெரிய ஓவியர்கள் அவசரமாகக் கிறுக்கிப் பார்த்த படங்களை ஒருநாள் வகுப்பில் காட்டினார். ஒரு குதிரைக்கு ஏழு கால்கள்!

"மிஸ், இவரும் என்னை மாதிரியே வரையுறாரு" என்றேன். நான் வரைந்த மாட்டைப் பார்த்து, "கட்டில் நல்லாருக்கு" என்று அம்மா சொன்னதுண்டு.

"தப்பு இல்ல தீபிகா. காலை எங்க வைக்கலாம்னு யோசிச்சிருக்காரு. முடிஞ்ச படத்துல இந்த யோசனை தெரியாது."

சிதம்பரத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் படங்கள் கொடுத்தோம். என் வகுப்பு அரவிந்தனின் படத்தில், கடலுக்குப் போகும் ஒருவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

மிஸ் முகம் மாறியது. "போனைப் பாத்து வரஞ்சதுதானே? இதை அனுப்ப முடியாது."

அரவிந்தன் படத்தைச் சுருட்டினான். படத்தில் இருந்தது அவன் அப்பா. போன வருடம் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "டேய், முதல்ல எதுல வரஞ்சு பாத்த?"

"வீட்டாண்ட அப்பாவோட பழைய படகு கெடக்குல்ல, அதுல. கரியால."

"அழிச்சிட்டியா?"

"இல்ல. ஏன்?"

நான் மிஸ்ஸிடம் ஓடினேன். "மிஸ், அரவிந்தன் யோசிச்ச எடத்த வந்து பாக்குறீங்களா?"

மாலையில் மிஸ் வந்தார். கவிழ்த்துப் போட்ட படகில் ஒரே ஆள் மூன்று முறை இருந்தார். முதலில் முதுகு மட்டும். அடுத்து, பாதி திரும்பிய முகம். மூன்றாவதில்தான் கை உயர்ந்திருந்தது.

"ஏம்ப்பா மூணு விதமா?"

"அப்பா கடைசியா கடலுக்குக் கெளம்புறப்ப வாசல்ல நின்னேன் மிஸ். போறவங்கள பின்னாலேர்ந்து கூப்புடக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. அதான் கூப்புடல. அவரு திரும்பிப் பாத்தாரா இல்லையான்னு எனக்கு ஞாபகமே வரல."

வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது புதுசு.

மிஸ் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்ப்பா. மன்னிச்சிரு. படம் சிதம்பரம் போகுது. இதையும் போட்டோ எடுத்துக்கட்டுமா?"

அவன் தலையாட்டினான்.

சிதம்பரத்தில் படத்தையும் போட்டோவையும் அருகருகே மாட்டியிருந்தார்கள். படத்தை மட்டும் பார்த்தவர்கள் "அழகு" என்று சொல்லி நகர்ந்தார்கள். கரிக்கோடுகளையும் பார்த்தவர்கள் நகராமல் நின்றார்கள்.

ஓர் அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை படத்தையே பார்த்தது. பிறகு குட்டிக் கையைத் தூக்கி டாட்டா காட்டியது.

அரவிந்தன் சுற்றும்முற்றும் பார்த்தான். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், அவனும் மெல்லக் கையைத் தூக்கினான்.