உத்தரவுக்குக் காத்து நின்றவர்கள்

உமாதேவியும் அவள் கணவரின் அக்கா முத்துவடிவும் குற்றாலத்து வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. சாரல் விடவில்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

உமாவின் கணவர் விஜயசங்கர் ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்து இந்த வீட்டில் குடியேறிய பிறகு அவருக்கு ஒரே பேச்சுதான். உலகப் போரின்போது தெற்குக் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பீரங்கிக் கோட்டை. புயல் வந்த அன்று அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். கலையச் சொல்லி 'டிஸ்மிஸ்' என்ற உத்தரவு வராததால் வீரர்கள் பீரங்கியை விட்டு நகரவில்லை. கோட்டையோடு அவர்களையும் கடல் கொண்டுபோனது. தண்ணீர் உள்வாங்கிய ஒருநாள், அஸ்திவாரம் தெரிகிறதா என்று பார்க்க இறங்கிய விஜயசங்கரும் கரையேறவில்லை. உடல் கிடைக்கவில்லை.

உமா அழவில்லை. அன்றிலிருந்து எதுவுமே அவளுக்கு உறைக்கவில்லை.

பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஈரமண் வாசனை போய், அழுகிய கடற்பாசியின் நாற்றம் வந்தது.

மாடியில் பூட்ஸ் சத்தம்.

ஒருவர் அல்ல. பலர்.

கனமான இரும்பை உருட்டுவதுபோல் ஏதோ நகர, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

"ஏட்டி உமா, மேல பூட்டித்தான கெடக்கு?" முத்துவடிவு கிசுகிசுத்தாள்.

"ஆமா மதினி."

"வா, போயிருவோம். சாமான் கெடந்துட்டுப் போவுது."

உமா படியேறினாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

பூட்டைத் திறந்தாள்.

ஜன்னல் சாத்திய இருட்டில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் அப்பியிருந்தது. யாரும் அசையவில்லை. அவள் வாயைத் திறப்பதற்காகவே காத்து நின்றார்கள்.

"டிஸ்மிஸ்," என்றாள். வரிசை கலையவில்லை. மறுபடி சொன்னாள். "டிஸ்மிஸ். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கால்கள் ஒருசேரத் திரும்பின. அவளைச் சில்லென்று உரசிக்கொண்டு ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். அவர்களுக்குள் தன் கணவரை அவள் தேடவில்லை.

கீழே முத்துவடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரர் இசக்கிதுரை வந்து சாக்குகளை ஏற்றினார். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் வண்டியைக் கிளப்பாமல் வாசலையே பார்த்தார்.

"எக்கா, அந்த அண்ணாச்சியையும் ஏறச் சொல்லுங்க. நனைஞ்சுக்கிட்டு நிக்காவல்லா."

முத்துவடிவின் விரல்கள் உமாவின் கையில் அழுந்தின.

உமா திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

ஓரத்து சீட் மெல்ல அமுங்கியது.