மோப்பி காதோரம் சொன்னது

வகுப்பில் எல்லோரும் அவளை மோப்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் யாராவது ஆரஞ்சு உரித்தால் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

மதிய உணவு வரிசையில் அன்று மோப்பிதான் முதல் ஆள். பசி வயிற்றைக் கிள்ளியது.

சமையல்கார அக்கா சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவார். அதுதான் அந்தப் பள்ளியின் வழக்கம். அன்றும் சின்னக் கிண்ணத்தில் பருப்பு சூப் ஊற்றிக் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. தட்ட நீட்டு, கண்ணு."

அக்காவின் குரல் கரகரத்தது. மோப்பியின் மூக்கோ சுருங்கியது. ஏதோ புளித்த வாடை!

"சீக்கிரம் நகரு! இங்க பசியில உயிர் போகுது" என்றான் பின்னால் நின்ற பையன்.

கத்திச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அக்காவின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் எல்லோர் வயிறும் கெட்டுவிடும்.

மோப்பி மேசையைச் சுற்றிப் போய் அக்காவின் காதோரம் எக்கினாள்.

"அக்கா, உங்களுக்கு ஜலதோஷமா?"

"ஆமாடா. மூக்கு அடைச்சுக்கிச்சு. எதத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு."

"சூப்புல புளிச்ச வாட வருதுக்கா."

அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"மாத்திர போட்டா தூக்கம் வரும்னு விடியறப்பவே செஞ்சு, சூடா மூடி வெச்சுட்டேனே... யாருக்காவது ஊத்திட்டேனா?"

"இல்லக்கா. நான்தான் முதல் ஆளு."

"அப்பாடா!" என்று அக்கா பாத்திரத்தை மூடினார். தானே போய்த் தலைமையாசிரியரை அழைத்து வந்தார்.

அவர் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "கொட்டிடுங்கம்மா. உடம்பு முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கலாம். இப்ப வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க."

ஆசிரியர்கள் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு முட்டை வேகவைத்து, ரொட்டியோடு பரிமாறினார்கள்.

"உன் மூக்கால என் சூப் போச்சு!" என்று அந்தப் பையன் முணுமுணுத்தான்.

கிளம்பிய அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. வாசலிலேயே நின்றார்.

"சூப் போனா போகுதுடா. இவ சொல்லலன்னா இன்னிக்கு எல்லாரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருப்பீங்க. நான் காலத்துக்கும் அழுதிருப்பேன்."

பையன் தலையைச் சொறிந்தான். தன் ரொட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்து மோப்பியின் தட்டில் வைத்தான்.

அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. "ரொம்ப நன்றிடா, தங்கம். ஓடி வந்து கட்டிக்கணும்போல இருக்கு. ஆனா சளி உனக்கும் ஒட்டிக்குமே!"

மோப்பி வாய் நிறைய முட்டையோடு சிரித்தாள்.

"பரவால்லக்கா. உடம்பு தேறினதும் வந்து, ரெண்டு தடவையா கட்டிக்கங்க!"