டைல்ஸ் இடுக்கில் பச்சை

ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பென்னாகரம் கடைவீதிக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டின் முன்னால் சாமான் டெம்போ வந்து நின்றது. அது எண்பத்தாறாம் வருஷம். ஷகிலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். அவளுடைய புருஷன் ஹயாத் பாஷாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சிமெண்டும் பெயிண்டும் விற்கும் கடை. தினமும் தருமபுரியிலிருந்து வந்து போவது கட்டுப்படியாகவில்லை என்று, ஓசூருக்கு மகனோடு இருக்கப் போய்விட்ட சென்னப்பன் என்பவரிடமிருந்து இந்த வீட்டை வாங்கியிருந்தார்.

ஷகிலாவுக்கு அது விடுதலை மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில்தான் இருந்தாள். அங்கே ஜன்னல் துணியின் நிறத்திலிருந்து பெருநாளைக்கு அவள் கட்டும் சேலையின் நிறம் வரை மாமியாரும் நாத்தனார்களும்தான் சொல்வார்கள். அவளை யாரும் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று அவளும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள்.

வீட்டின் பின்கட்டில் சமையலறையும் குளியலறையும் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வெயில் நேரத்திலும் அங்கே இருட்டு. ஈரச் சுண்ணாம்பு வாடையும், அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடையும் வரும். பச்சை இலையைக் கையில் கசக்கினால் வருமே, அந்த மாதிரி. பின்னால் செடி எதுவும் இல்லை.

இரண்டு அறைகளுக்கும் டைல்ஸ் போட்டுவிடலாம் என்று ஹயாத் பாஷாவே சொன்னார். அந்தத் தெருவில் முதல் டைல்ஸ் வீடு என்றால் கடைக்கும் பேர்தானே. வெள்ளை டைல்ஸ் வந்து இறங்கியது. முனிராஜ் மேஸ்திரி நூல் பிடித்து அழகாக ஒட்டி முடித்தார். இடுக்கை அடைக்கிற வேலைதான் மிச்சம். வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைக்க வேண்டும். அதில் எந்தக் கலர் பொடி கலப்பது என்பதில்தான் பேச்சு வந்தது.

சும்மா வெள்ளையே இருக்கட்டும் என்றார் ஹயாத் பாஷா. செங்கல் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்றார் மேஸ்திரி. ஷகிலா அசையவில்லை. பெங்களூரில் சித்தி வீட்டில் அவள் பார்த்திருக்கிறாள். வெள்ளை இடுக்கு தாளிப்புப் புகையில் மஞ்சளடித்துப் போகும், சிவப்பு கண்ணை உறுத்தும். இளஞ்சாம்பல்தான் அழுக்கையும் காட்டாது, டைல்ஸையும் வெள்ளையாகக் காட்டும். உடைந்த டைல்ஸ் துண்டில் மேஸ்திரியைப் பூசிக் காட்டச் சொல்லி, கறுப்புப் பொடியைக் கூட்டிக் குறைத்து, காயவைத்துப் பார்த்து, "இதுதான் மேஸ்திரி. இதே கலர்" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிறத்தை அவள் சொல்லி, சரி என்று ஒருவர் தலையாட்டினார்.

மறுநாள் மாலை குளியலறைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மற்ற மூன்று சுவரிலும் சாம்பல். சமையலறையை ஒட்டிய நடுச்சுவரில் மட்டும் இடுக்கெல்லாம் பச்சை. இலைப் பச்சை.

யார் இதைச் செய்யச் சொன்னது என்று கேட்டாள். சாக்குத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்த முனிராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க. சமையக்கட்டுல இருந்துக்கினு, 'இந்தச் செவுத்துக்குப் பச்சை போடு'ன்னு. நான் கடைக்குப் போயி பொடி வாங்கியாந்து போட்டேன்."

"நான் மத்தியானம் பூரா முன்னறையில துணி மடிச்சுட்டு இருந்தேன்."

மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. தான் பொய் சொல்வதாக அவள் நினைக்கிறாள் என்று அவருக்குக் கோபம். தன்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குக் கோபம். இராத்திரி சாப்பாட்டின்போது ஹயாத் பாஷா, பொடி வாங்க வந்த மேஸ்திரி 'அம்மா கேட்டாங்க' என்றுதான் சொன்னார், ஒரு முடிவில் நிற்கப் பழகு என்று உபதேசம் செய்தார். ஷகிலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பச்சையைச் சுரண்டி எடுக்கவே மேஸ்திரிக்கு ஒரு நாள் போயிற்று. அடுத்த நாள் அவள் முக்காலி போட்டுக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் போனது, வந்தது, மறுபடியும் போனது. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடுக்கும் சாம்பலாவதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள்.

நடுச்சுவர் பச்சையாக இருந்தது.

தொட்டாள். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். சிமெண்ட் வாடை இல்லை. கசக்கிய இலை வாடை.

தண்ணீர்க் கோளாறு என்று மேஸ்திரி சொன்னார். இந்த ஊர்த் தண்ணீர் பல்லையே காவியாக்கும், சிமெண்டை விடுமா என்றார். வேறு கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து மறுபடி பூசினார்கள். மறுபடி பச்சை. சிமெண்ட் மூட்டையை மாற்றினார்கள். அதற்கும் பச்சைதான். இம்முறை சமையலறைப் பக்கத்து இடுக்கிலும் அது ஏறியிருந்தது. முனிராஜ் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தபின் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார்.

"பச்சைதான் வேணும்னா வாயத் தொறந்து சொல்லித் தொலை. எதுக்கு இந்த நாடகம்?" என்றார் ஹயாத் பாஷா.

ஷகிலாவுக்கு அழுகை வரவில்லை. சாம்பல் என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. மேஸ்திரி காதில் அது பச்சையாக விழுகிறது, புருஷன் காதில் பிடிவாதமாக விழுகிறது. மாமியார் வீட்டில் யாரும் அவளைக் கேட்காமல் இருந்தார்கள். இங்கே அவள் சொன்னாலும் சொல்லாததாகிறது.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அவரைக்காய் கொடுக்க வந்தவள், பின்கட்டுக்குள் கால் வைத்ததும் நின்றாள். சுவரைப் பார்த்தாள். காய்க் கூடையைத் தரையில் வைத்துவிட்டு மூச்சை இழுத்து மோந்தாள்.

"அவரைத் தழை" என்றாள் மெதுவாக.

ஷகிலா விடவில்லை. முன்னறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, துருவித் துருவிக் கேட்டாள். குள்ளம்மாள் சொல்லத் தொடங்கியபோது குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

சென்னப்பனின் பெண்டாட்டி பெயர் சாலம்மாள். அதிர்ந்து பேசாதவள். மலையடிவாரத்து ஊரில் பிறந்தவள். அங்கே நோன்பு நாளைக்கு அவரை இலையைக் கசக்கிப் பிழிந்து சுவரில் பச்சைக் கரை தீட்டுவார்கள். இங்கே வாழ வந்தபின்னும் தன் சமையலறைச் சுவரில் ஒரு கரை தீட்டிக்கொள்வாள். சென்னப்பனுக்கு அது பட்டிக்காட்டு வேலை. உடனே சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுவார். அவள் மறுபடி தீட்டுவாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. ஒரு நாள் அவள் கரையோடு நிறுத்தவில்லை, அந்தச் சுவர் முழுக்கப் பச்சையாக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்த சென்னப்பன் அதைப் பார்த்துவிட்டு அவளைச் சமையலறைக்குள் தள்ளி வெளியே பூட்டினார். பூராவும் சுரண்டி வெள்ளையாக்கினால்தான் கதவு திறக்கும் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

"சுரண்டுற சத்தம் எங்க வூட்டுக்குக் கேட்டுக்கினே இருந்துச்சு பாயம்மா. நானும் போயித் தொறக்கல. புருசன் பொண்டாட்டி சங்கதின்னு இருந்துட்டேன். பொழுது சாய அவரு வந்து தொறந்தா, செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கினு இருக்கா. உசுரு இல்ல. செவுரு..."

"வெள்ளையா இருந்துச்சா?"

"எல்லாம் பச்சை. ஒரு பொட்டு வெள்ளை இல்ல."

இதை ஷகிலா புருஷனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். கதை கட்டிச் சுவரைப் பச்சையாக்கப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. பயம் இருந்தது. ஆனால் எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. உச்சி வெயில் நேரத்தில் வெள்ளை சிமெண்டையும் கறுப்புப் பொடியையும் தானே குழைத்துக்கொண்டு, ஒரு உடைந்த ரம்பத் தகடோடு குளியலறைக்குள் போய் நடுச்சுவர் முன்னால் குந்தினாள். இது என் வூடு என்று உரக்கவே சொல்லிக்கொண்டு சுரண்டத் தொடங்கினாள்.

சர்ர்... சர்ர்...

பச்சைத் தூள் மடியில் உதிர்ந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். அவள் ஒரு முறை சுரண்டினால் சத்தம் இரண்டு முறை கேட்கிறது. ஒன்று இந்தப் பக்கம். இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில்.

கையை நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை.

சர்ர்... சர்ர்...

இரும்புத் தகட்டின் சத்தம் இல்லை அது. மெல்லியது. நகம்.

இலை வாடை கூடிக்கொண்டே வந்தது. நாக்கில் கசந்தது. டைல்ஸின் வழவழப்பில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதன் தோளருகே இன்னொன்றும் மங்கலாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குக் கழுத்து வரவில்லை.

"பச்சை" என்றது சுவர்.

மெல்லிய குரல். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பலமுறை சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

ஷகிலாவுக்குள் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. தகட்டைத் தரையில் எறிந்தாள். சுவரைப் பார்த்தே கேட்டாள்.

"என் ஆயுசுல நான் கேட்டது இது ஒண்ணுதான் அக்கா. இதையும் விடமாட்டீங்களா?"

சுரண்டும் சத்தம் நின்றது.

வெளியே ஒரு காக்கை கூடக் கத்தவில்லை.

பிறகு, காதை ஒட்டினாற்போல் ஒரு மூச்சு.

"நானும் ஒண்ணுதான் கேட்டேன்."

ஷகிலா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குழைத்து வைத்த சிமெண்ட் கல்லாகிப் போனது. எழுந்தபோது காலெல்லாம் மரத்திருந்தது, ஆனால் நடுக்கம் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். சமையலறைப் பக்கம் நடுச்சுவருக்குப் பச்சை, மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல், இதுதான் கடைசி என்றாள். முனிராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் கரணையை எடுத்துக்கொண்டு வந்தார்.

இம்முறை சாம்பல் சாம்பலாகவே நின்றது. பச்சை இருந்த இடத்திலேயே இருந்தது. பார்க்க வந்த நாத்தனார் குல்ஷன் ஒரு சுவர் மட்டும் ஏன் இப்படி என்று முகம் சுளித்தாள். ஷகிலா அவளுக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். சமைக்கும்போது அந்தச் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க அவளுக்குப் பயமில்லாமல் போயிற்று. சில நாள் குழம்பு கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விடுவது போல இருக்கும். அவளும் அடுப்பைத் தணித்துவிட்டுப் பேசாமல் நிற்பாள்.

ரம்ஜான் வரப்போகிறது, முன்னறைக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது ஒரு பிற்பகலில். சந்தன நிறம் அடிக்கலாம் என்றாள் ஷகிலா. ஹயாத் பாஷா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இடுக்குக்கு நீ ஆடுன ஆட்டமே போதும். வெள்ளைன்னு பெயிண்ட் அடிக்கிற ஆளுக்கும் சொல்லியாச்சு" என்றவர், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தாள். போய்த் தள்ளினாள். அசையவில்லை. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டாள். கதவில் காதை வைத்தாள். யாரோ மிக மெதுவாகப் பேசுவது போல இருந்தது. அவர் குரல் இல்லை. இடையிடையே அவர் "ம்... ம்..." என்பது மட்டும் கேட்டது.

அவள் நெற்றியைக் கதவில் சாய்த்தபடி காத்திருந்தாள்.

அது தானாகத் திறந்தது.

ஹயாத் பாஷா கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றார். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியார் முன்னால் நிற்பது போல நின்று, உதட்டை நனைத்துக்கொண்டு, இதுவரை அவர் யாரிடமும் கேட்டிராத குரலில் கேட்டார்.

ஷகிலாவைப் பார்த்து அல்ல. அவள் தோளுக்கு மேலாக, அவளுக்குப் பின்னால் பார்த்து.

"உங்க ரெண்டு பேருக்கும் எந்தக் கலர் வேணும்?"