மூலநிரலைப் பூட்டிய கை

தக்கலைப் பேருந்து நிலையத்துக்கு அருகே கணினி பழுது பார்க்கும் கடை நடத்திவந்த லீலாபாயிடம் ததேயுஸ் வந்து சேர்ந்தபோது நல்ல மழை. அவன் தொப்பலாக நனைந்திருந்தான். ஆனால் மார்போடு அணைத்துக் கொண்டுவந்த கணினிப் பெட்டியின் மேல் ஒரு துளி ஈரமில்லை. தன் மழைச்சட்டையை அதற்குப் போட்டிருந்தான்.

"இதுக்குள்ள ஒருத்தன் பூட்டு போட்டு வச்சிருக்கான் அக்கா. யாருன்னு எனக்குத் தெரியும். நீங்களும் பாத்துட்டு ஆமான்னு சொன்னா போதும்."

லீலாபாய் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். "முதல்ல தலையைத் துவட்டு தம்பி. பூட்டினவனைப் பிறகு பிடிப்போம்."

கடையின் கூட்டாளி சுயம்புராஜ் அதற்குள் பெட்டியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்திருந்தான். துப்புத் துலக்கும் வேலை என்றால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம்.

ததேயுஸ் இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரன். ஒக்கிப் புயலில் அவன் அண்ணன் கடலிலிருந்து திரும்பவில்லை. அதன்பிறகு அவனும் சிறுவயது நண்பன் ஜெபிஷும் சேர்ந்து படகுகளுக்கென்று ஒரு கருவி செய்தார்கள். செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை அது தமிழில் உரக்கச் சொல்லும். ஒரே ஒரு குறை: திரை அணைந்துவிட்டால் குரலும் அடங்கிவிடும். அதைச் சரிசெய்ய, கருவியை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்கி, திருத்தி, மறுபடி கட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய நிரல்தான். ஆனால் மலைபோன்ற அளவு. இனயத்து இணைப்பில் நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலமோ முடியப்போகிறது.

"செவ்வாய்க்கிழமை லைன் அறுந்து நின்னுபோச்சு. மறுபடி ஓட்டினா 'அனுமதி இல்லை'ன்னு சொல்லுது. என் வீட்டுல, என் மிஷின்ல, எனக்கு அனுமதி இல்லியாம்!"

"யாரைச் சந்தேகப்படுத?" என்று கேட்டார் லீலாபாய்.

"ஜெபிஷாக்கும். துபாய்ல வேலை கெடச்சிருக்கு. இப்ப போகாதலேன்னேன். சனிக்கிழமை சண்டை போட்டுட்டு இறங்கிப் போனான். இந்த மிஷின்ல அவனுக்கும் தனிக் கணக்கு உண்டு. என் கடவுச்சொல்லும் தெரியும்."

லீலாபாய் திரையைப் பார்த்தார். கோப்புகளின் உடைமையாளர் பெயர்கள் வரிவரியாக ஓடின. பழைய கோப்புகள் எல்லாம் ததேயுஸ் பெயரில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வந்தவை வேறு பெயரில் இருந்தன.

"ரூட்!" என்று சுயம்புராஜ் கத்தினான். "அதாவது கணினியோட எசமான். கட்டளைக்கு முன்னால சூடோன்னு ஒரு சொல் போட்டா, எசமான் அதிகாரத்துல ஓடும். ரூட் பேருக்குப் போன கோப்புல சாதாரண ஆள் கைவைக்க முடியாது. ஜெபிஷேதான் அக்கா! நாமளும் சூடோ போட்டு ஓட்டிட்டா கதை முடிஞ்சுது."

"முடியாது. இனி வாறதும் ரூட் பேருக்கே போகும். நாளைக்குக் கட்டும்போது இதே சுவர்ல போய் முட்டுவோம்." லீலாபாய் ததேயுஸிடம் திரும்பினார். "ஞாயிறு காலைல எங்க இருந்த?"

"பூசைக்குப் போனேன். அப்படியே துறைமுகத்துக்குப் போயிட்டு ராத்திரிதான் வீடு வந்தேன். மிஷின் ஓடிட்டுதான் இருந்துது."

"வீட்டுல யாரு இருந்தா?"

"என் வீட்டுக்காரி ஜெப்சி மட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், பூசைக்கு வரல்ல. சாயங்காலமே தேங்காய்ப்பட்டணத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

லீலாபாய் கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய கட்டளைகளைத் திறந்தார். ஒரு வரியில் அவர் பார்வை நின்றது. அடுத்த வரியையும் படித்தார். பிறகு, "ஜெபிஷையும் உன் வீட்டுக்காரியையும் வரச் சொல்லு," என்றார்.

பிற்பகலில் இருவரும் வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஜெப்சி கணவன் பக்கத்தில் அமர்ந்தாள். ஜெபிஷ் வாசலைத் தாண்டவில்லை. "கள்ளன்னு சொன்ன வீட்டு ஆளுகளோட எனக்கென்ன பேச்சு?"

"கொஞ்சம் கேட்டுட்டுப் போ ஜெபிஷ்," என்றார் லீலாபாய். "இந்தக் கணினி ஞாயிறு காலைல அணைஞ்சு, மறுபடி எழும்பியிருக்கு. இறக்கம் அதோட நின்னுபோச்சு. கொஞ்ச நேரத்துல ததேயுஸ் கணக்குல இருந்து யாரோ எசமான் அதிகாரத்துல அதை ஓட்டியிருக்காங்க. அதுக்குப் பிறகு நிரல்ல பெரும்பங்கு இறங்கியிருக்கு. பூட்டு போட வந்த எதிரி, வீட்டுக்குள்ள சாமான் கொண்டுவந்து அடுக்கி வச்சிட்டுப் போவானா? கெடுக்க நினைச்சவன் ஒரே கட்டளையில எல்லாத்தையும் அழிச்சிருப்பான்."

ததேயுஸ் தலையை உயர்த்தினான்.

"அடுத்தது, இந்த வரிகளைப் பாருங்க. முதல்ல 'soodo'ன்னு அடிச்சிருக்கு. ஓடல்ல. பிறகு 'soodu'. அதுவும் ஓடல்ல. மூணாவதுலதான் 'sudo' சரியா விழுந்திருக்கு. தினம் இதே வேலையா இருக்க ஜெபிஷ் அப்படி அடிப்பானா? ததேயுஸ், நீ அடிப்பியா? இதை அடிச்சவங்க அந்தச் சொல்லைக் காதால கேட்டிருக்காங்க, எழுதிப் பார்த்ததில்ல."

ஜெப்சியின் முகம் வெளுத்தது.

"கரண்டு போயிட்டு வந்துது," என்றாள் மெல்ல. "திரை வெறுமனே நின்னுது. நீங்க பூசையில இருந்திய, போனை அணைச்சு வச்சிருந்திய. மேலே காட்டுற அம்பை அமுக்கினா பழைய வரி வரும்னு நீங்கதானே காட்டித் தந்திய? எது நடக்கல்லன்னாலும் நீங்க ரெண்டுபேரும் 'சூடோ போடு மக்கா'ன்னுதானே சொல்லுவிய? கடவுச்சொல் நம்ம பிள்ளை பேரு. போட்டேன், ஓடிச்சு. அதுதான் இந்தப் பழிக்குக் காரணம்னு இப்பதான் எனக்கு மனசிலாகுது."

"நீ செய்தது நல்ல காரியம் ஜெப்சி மக்களே," என்றார் லீலாபாய். "நீ ஓட்டாம இருந்தா, ஞாயிறு பூரா அது சும்மா கிடந்திருக்கும். இப்ப இறங்கிக் கிடக்கதுல பாதிக்கு மேல நீ இறக்கினதாக்கும். பேரு மட்டும்தான் மாறிப்போச்சு. மாத்தி எழுதினா ஆச்சு."

அவர் ஒரே ஒரு கட்டளை அடித்தார். கோப்புறை முழுவதும், அதற்குள் மறைந்திருந்த கோப்புகள் உட்பட, ததேயுஸ் பெயருக்குத் திரும்பியது. பிறகு சூடோ இல்லாமல் இறக்கத்தைத் தொடங்கினார். அனுமதி மறுக்கப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து வரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கின.

ததேயுஸ் எழுந்து வாசலுக்குப் போனான். "மக்கா, ஊர்ல நாலு ஆளுகள்ட்ட உன்னைத் தப்பா சொல்லிட்டேன். இன்னைக்கே அவங்க முன்னால மாத்திச் சொல்லுகேன். என்னைப் பொறுத்துக்கலே."

ஜெபிஷ் மழையைப் பார்த்தபடியே பேசினான். "உன் அண்ணன் எனக்கும் அண்ணன்தான்லே. அவன் தோளைப் பிடிச்சுத்தான் நான் நீச்சல் படிச்சேன். அவன் பேரைச் சொல்லித் தொடங்கின வேலையை நான் பூட்டுவேன்னு எப்படிலே நினைச்ச?" பிறகு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "தள்ளி இரு. திருத்த வேண்டிய இடம் எனக்குத் தெரியும். பிளைட் ஏறுறதுக்கு முன்னே முடிச்சுத் தாறேன்."

ததேயுஸ் குழந்தையை வாங்கிக்கொண்டான். "ஜெப்சி, நீ மட்டும் இல்லன்னா..." என்றவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சுயம்புராஜ் எல்லாருக்கும் சாயா வாங்கி வருவதாகச் சொல்லி மழையில் இறங்கினான். ஜெபிஷ்தான் என்று கத்திய வெட்கம் அவனுக்கும் இருந்தது.

சொன்னபடியே ஜெபிஷ் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கின.

அந்த மாதத்திலேயே ஒரு மாலை, ததேயுஸ் தொலைபேசியில் அழைத்தான். பின்னால் காற்று ஊளையிட்டது.

"அக்கா, கருவி பேசிச்சு. திரை அணைஞ்சு கிடந்தும் பேசிச்சு. வலையை அப்படியே விட்டுட்டு எல்லாவனும் திரும்பிட்டான். கடைசிப் படகும் இப்ப கரை ஏறியாச்சு." அவன் மூச்சு வாங்கினான். "ஜெப்சிட்ட சொல்லியாச்சு. துபாய்க்குக் கூப்பிட்டு ஜெபிஷ்ட்டயும் சொல்லியாச்சு, அவன் அங்க இருந்து அழுதான். அடுத்தது உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு. ஆளுகள் எல்லாரும் இங்கதான் நிக்காங்க. கொஞ்சம் கேளுங்க."

அவன் தொலைபேசியைக் கரையை நோக்கித் திருப்பிப் பிடித்தான் போலிருக்கிறது. காற்றுக்கும் அலைக்கும் மேலே ஆண்களின் குரல்கள் கேட்டன. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில் வந்தது. லீலாபாய் கண்களை மூடிக்கொண்டு கடைசிப் பெயர்வரைக்கும் கேட்டார்.