பின்னால் வரும் கார்

காரின் பிரேக் பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. கணவர் வெர்னன் அதைப் பார்த்துவரச் சொன்னதால்தான், மலையுச்சியில் நிறுத்தியிருந்த, படுக்கையும் அடுப்பும் கொண்ட பெரிய வீட்டு வண்டியிலிருந்து மார்லிஸ் இறங்கி, அது இழுத்துச்செல்லும்படி பின்னால் இரும்புக் கம்பிகளால் பிணைத்திருந்த தங்கள் சின்னக் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். முன்வண்டி பிரேக் பிடித்தால் காரின் பிரேக்கையும் மிதித்துக்கொடுக்கும் பெட்டி அது. பிரேக் மிதிகட்டையோடு அதைப் பிணைக்கும் இரும்புக் கை கழன்று கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்க்கையில் முன்வண்டி கிளம்ப, கார் மெல்லக் குலுங்கி நகர்ந்தது.

நான் இங்கே இருப்பதை மறந்து கிளம்பிவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஹாரனை அழுத்தினாள், சத்தமே வரவில்லை. மூடுபனி கண்ணாடியில் ஈரமாக வழிய, பைன் மர வாசனையோடு கருகிய ரப்பர் நெடியும் சேர்ந்து வர, எஞ்சின் உறங்கும் அந்தக் காருக்குள் டயர்களின் முனகல் மட்டும் கேட்க, ஸ்டியரிங் அவள் கண்முன்னே தானாக இடப்பக்கம் திரும்பி, தானாக நேரானது. முன்வண்டியின் முதுகிலிருந்த கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். முப்பது வருடமாக எதையும் இருமுறை சரிபார்க்கும் மனிதர். கேமரா காட்டும் படத்தைப் பார்க்காமல் ஓட்டமாட்டார்.

விளக்குச் சோதனைக்கென்று கொண்டுவந்த வாக்கிடாக்கி மடியில் இருந்தது.

"வெர்னன், நிறுத்துங்க. நான் கார்லயே இருக்கேன்."

கரகரப்பு. பிறகு, காலையில் காபி வேண்டுமா என்று கேட்கும் அதே குரல்.

"தெரியும் செல்லம். ஸ்டியரிங்கை விட்டுடு. அதுவா வரும்."

இறக்கம் தொடங்கியது. பிரேக்கை மிதித்தாள். கால் தரைவரை போனது, எதிர்ப்பே இல்லை. நேற்று சாயங்காலம் முழுக்க அவர் காருக்கடியில் படுத்துக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாறு கலந்து கொண்டுபோய்க் கொடுத்தது இவள்தான். கைப்பிரேக்கை இழுத்தாள். துணிபோல் தளர்ந்து வந்தது. கதவைத் திறந்தாள். தார்ச்சாலை அரம்போல் ஓடியது. காற்று கதவை அறைந்து சாத்தியது.

வீட்டு வண்டியின் பின்ஜன்னலில் திரைச்சீலை விலகியது.

வெர்னன் நின்றிருந்தார். கையில் வாக்கிடாக்கி.

அப்படியானால் ஓட்டுவது யார்?

சாலை இடப்பக்கம் வளைந்தது. முன்வண்டியின் பக்கக் கண்ணாடி பனியிலிருந்து வெளிப்பட்டது. அதில் டோரீனின் முகம். தங்கை. கணவனை இழந்தவள், தனியாக இருக்கவேண்டாம் என்று மார்லிஸ்தான் வற்புறுத்திக் கூட்டிவந்தாள். தலைவலி என்று உள்ளே படுத்திருந்தாள். இவ்வளவு பெரிய வண்டியைத் தொடவே பயம் என்று நேற்றுகூடச் சிரித்தாள்.

இப்போது பயமில்லாமல் ஓட்டினாள்.

"டோரீன், அக்காடி. பிரேக் இல்லடி."

கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. டோரீன் பார்வையை விலக்காமல் இன்னொரு வாக்கிடாக்கியை வாயருகே எடுத்தாள்.

"உன்னால எங்களுக்கு ஒரு குறையும் இல்லக்கா," என்றது வாக்கிடாக்கி. "நீ எப்பவும் நல்லவதான்."

வண்டி வேகமெடுத்தது.

கம்பிகளை முன்வண்டியோடு இணைக்கும் இரண்டு ஆணிகளில் ஒன்று ஏற்கெனவே இல்லை. மற்றொன்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் மேலே எழும்பியது. ஆணி கழன்றாலும் காரைப் பிடித்துக்கொள்ளும் சங்கிலிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வளையங்கள்.

மார்லிஸ் ஸ்டியரிங்கைப் பற்றினாள்.

ஆணி எழுந்தது. நின்றது. விழுந்தது.

கம்பிகள் சாலையில் தீப்பொறி கக்கின. காருக்கும் வண்டிக்கும் இடையே ஈரச்சாலை தெரிந்தது. ஒரு முழம். ஒரு ஆள் உயரம். வலப்பக்கம் பனி, பனிக்குக் கீழே எதுவுமில்லை.

பின்ஜன்னலில் வெர்னன், வெளிச்சம் உள்ளே வராதபடி, திரைச்சீலையின் இரு ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்து நிதானமாக மூடிக்கொண்டிருந்தார்.