கைகழுவி சார்

மூன்றாவது முறையாக சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரல்களில் அந்த வாசனை இருந்தது. அளவுக்கு மீறிப் பழுத்த திராட்சை வாசனை. தொற்றுத் தடுப்புக் குழுத் தலைவர் கையை மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். குழாய்க்கு மேலே, சுவரொட்டியில், அவரே இரு கைகளையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்: 'கை கழுவுங்கள், உயிர் காப்பீர்!' மருத்துவமனையில் எத்தனை குழாயோ அத்தனை சிரிப்பு. நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் கைகழுவி. அதையும் விருதுக் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்த மருந்துக்கும் மசியாத, திராட்சை வாசனையடிக்கும் கிருமி ஒன்று மூன்று பேரைக் கொண்டுபோயிருந்தது. குழு கூடியது, தேநீர் குடித்தது, பழியை ஒரு நர்ஸ் மேல் போட்டு அவளைக் கை கழுவியது. கிருமியின் மரபணுவைப் படித்தால் எல்லாம் உறுதியாகிவிடும் என்று முழங்கியவரும் அவர்தான்.

படித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளில்லாத ஆய்வகத்தில் குளிர்பெட்டி தொண்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உறுமிக்கொண்டிருக்க, டெக்னீஷியன் பெண் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நர்ஸக்காவோட கிருமி வேற குடும்பம் சார். ஒண்ணுவிட்ட உறவுகூட இல்ல."

"அப்புறம்?"

"செத்த மூணு பேரோடதும் ஒரே வம்சம். மரபணுவோட அறுபது லட்சம் எழுத்துல ரெண்டு மூணுதான் மாறியிருக்கு. மூணுமே பதினேழாம் நம்பர் சாம்பிள்லேர்ந்து கிளை விடுது."

"பதினேழு யாரு?"

அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "கை சுத்த நாள் விழாவுல, மேடையில, கிருமி வளர்க்கற தட்டுல உள்ளங்கைய பதிச்சுக் காட்டினீங்களே சார்."

பதித்தார். வார்டுக்குள் மோதிரம் கூடாதென்று விதி எழுதியவர், தன் மோதிரத்தைக் கழற்றாமல் பதித்தார். இரண்டே நாளில் தட்டில் ஒரு முழுக் கை பச்சையாக முளைத்தது. மோதிரத்தின் இடத்தில் மட்டும் தடிப்பாக.

"தூக்கிப் போடச் சொன்னேனே?"

"சொன்னீங்க. மறுவாரமே முதல் ஆள் போயிட்டாரு. அதான் அதுலேர்ந்து கொஞ்சம் சாம்பிள் எடுத்துட்டு, தட்ட சீல் வச்சு குளிர்பெட்டியில வச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு மணிக்கு அறிக்கை போகணும் சார். பதினேழு அதுல இருந்தா, நீங்க தொட்டவங்க எல்லாரையும் இன்னிக்கே சோதிச்சுடலாம்."

தொட்டவர்கள். மேல்மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், குறைமாதத்தில் பிறந்த பேத்தி. இன்று காலை அவர் மோதிர விரலைப் பிடித்தவள் விடவே மாட்டேன் என்றாள். கழுவிய கைதானே என்று நினைத்தார்.

"பதினேழ எடுத்துடு." குழுக்கூட்டக் குரல் தானாக வந்தது. "கலப்படமான சாம்பிள் அது. ஆய்வுன்னா சுத்தமா இருக்கணும்."

"நர்ஸக்கா?"

"குழு பாத்துக்கும்."

"அப்போ உங்க கையெழுத்து வேணும் சார்."

போட்டார். அவர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை. தாளின் ஓரத்தை மட்டும் கையுறை விரல்களால் பிடித்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. குளிர்பெட்டி உறுமலை நிறுத்தியது. வாசனை ஏறியது.

கைப்பேசி. மகள்.

"அப்பா, பாப்பா உடம்பு அனலா கொதிக்குது. ஏதோ வாசனை வேற. திராட்சை மாதிரி."

அவர் கைப்பேசியை மோதிரமில்லாத கைக்கு மாற்றினார்.

"யாராவது தொட்டாங்களான்னு டாக்டர் கேட்டாரு. இல்லேன்னுட்டேன். நீங்க தொட்டதெல்லாம் கணக்காப்பா? உங்க கையவிட சுத்தமான கை ஏது?"

சொல்ல வேண்டும். இப்போதே. சொல்லவில்லை. இணைப்பைத் துண்டித்தார். முதலில் தட்டை அழிக்க வேண்டும்.

குளிர்பெட்டியைத் திறந்தார்.

தட்டு இருந்தது. சீல் பிரிக்கப்படவில்லை. மூடியில் விழா நாளின் தேதி. உள்ளே அவர் கை. பச்சை. ஐந்து விரல். மோதிரத் தடம்.

அந்தத் தடத்தின் மேல் வேறு ஏதோ. புதிதாக. ஈரமாக.

அரிசி அரிசியாய் ஐந்து பிஞ்சு விரல்கள். இறுகப் பிடித்தபடி.